மூன்று மாதம் தொடர்ந்து முழு நைட் எடுக்கலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

டிரையர்காரன் (அதிகாலை 2.50)

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். இப்போது காலை 6 முதல் 2 வரை பகல், 2 முதல் 10 வரை அரை நைட், 10 முதல் 6 வரை முழு நைட் என்று வாரத்துக்கு ஒன்றாக மாறி வருகிறோம். நிர்வாகம் புதிதாக ஒன்று சொல்கிறது. விரும்புகிறவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து முழு நைட் எடுத்துக்கொள்ளலாம், இரவுப்படி கூடுதலாகக் கிடைக்கும். "ஒரே நேரமாக இருந்தால் உடம்பு பழகிவிடும்" என்கிறார் டீ மேக்கர், தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

வயது 41. போன முறை மருத்துவ முகாமில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். முழு நைட் வாரத்தில் 7 மணிக்குப் படுத்தால் 10 மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பையன் பத்தாம் வகுப்பு, பணமும் தேவைப்படுகிறது. உடம்பு உண்மையிலேயே பழகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். யோகா செய்யச் சொல்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் டிரையர் (தேயிலை உலர்த்தும் இயந்திரம்) பக்கம் நின்றுவிட்டுச் சொல்லவும்.

குந்தாக் காற்று (காலை 5.35)

தம்பி, நான் நீர்மின் நிலையத்தில் இயந்திரம் இயக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியும் இந்த நேரத்தில் விழித்திருக்கிறேன் என்பதிலிருந்தே பதில் தெரிந்துவிடும்.

எங்கள் வேலையில் மாலை நேரம் கடினமில்லை. ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரம், இயந்திரங்கள் முழு வீச்சில் ஓடும், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நள்ளிரவு தாண்டியதும் மின்தேவை இறங்கும், சில இயந்திரங்களை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பதுதான் வேலை. மூன்று முதல் ஐந்து வரைதான் சோதனை. பழைய பதிவேட்டைப் புரட்டினால் ஒருவரே எழுதியதா என்று சந்தேகம் வரும். ஒரு மணிக்கு எழுதிய எண்கள் முத்து முத்தாக இருக்கும், நாலு மணிக்கு எழுதியவை எறும்பு மையில் விழுந்து ஊர்ந்ததுபோல் இருக்கும். புதியவர், பழையவர் என்ற வேறுபாடே கிடையாது. இருபது வருடம் பணி செய்தவர் கையெழுத்தும் நாலு மணிக்கு அப்படித்தான்.

போபாலில் விஷவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி. செர்னோபிலில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு. தூக்கம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், இரண்டுக்கும் வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் மனித மூளையை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி.

பழைய மரம் (காலை 9.10)

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் அப்பா ஆயுள் முழுக்க எஸ்டேட் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். எண்பது தாண்டியும் தோட்டத்தில் பீன்ஸுக்குக் கொடி கட்டுகிறார். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கைப்பேசி இல்லை, படுத்தால் தூங்கினார்கள். இப்போதைய தலைமுறைக்கு எல்லாமே நோய்தான். பழகும் தம்பி, பெயரைக் கொடுங்கள்.

வெண்சீருடை (காலை 9.40)

ஐயா, உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும். ஆனால் அவரோடு வேலைக்குச் சேர்ந்து, முடியாமல் பாதியில் கணக்கு முடித்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனவர்கள், ஊரை விட்டே போனவர்கள் எத்தனை பேர் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். தாங்கியவர்தானே கடைசி வரை அந்த வேலையில் இருப்பார்?

நான் செவிலியர். இரவுப் பணிக்கு வந்த நாளிலிருந்து வயிறு என் பேச்சைக் கேட்டதில்லை. மாதவிடாய் ஒழுங்கு தப்புவதைப் பற்றி எங்களுக்குள் பேசிக்கொள்வோம், வெளியே சொல்ல மாட்டோம். ஆண்கள் பேசும் உரையாடல்களில் இது ஒருபோதும் வராது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மலை மருத்துவர் (பிற்பகல் 1.15)

டிரையர்காரன் கேட்ட கேள்வி நேரானது, நானும் நேராகவே சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பழகாது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் தாய்க் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் வெப்பம் இறங்க வேண்டும், எப்போது எந்தச் சுரப்பு ஏற வேண்டும் என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தைத் திருத்தும் கை, வெளிச்சம். இரவு முழுக்க விழித்திருந்து கடிகாரம் கொஞ்சம் நகர்ந்தாலும், காலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது கண்ணில் படும் வெயில் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. அதனால்தான் நிரந்தரமாக இரவுப் பணி செய்கிறவர்களிலும், இரவில் ஏறித் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பு முழுமையாகப் பகலுக்கு மாறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வடகடல் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் வேலை செய்கிறவர்களின் உடல் ஓரளவு மாறுகிறது. அவர்கள் வேலை செய்வதும் தூங்குவதும் அந்த மேடையிலேயேதான், பள்ளிக்கூட வேனும் பால்காரரும் அங்கே வருவதில்லை. கோத்தகிரியில் அது நடக்காது. வாரம் ஒரு நாள் விடுமுறையில் வீட்டாரோடு சேர்ந்து இரவில் தூங்கினாலே கணக்கு பழையபடி ஆகிவிடும்.

சர்க்கரை பற்றி. காலை 8 மணிக்குச் சாப்பிட்ட அதே நான்கு இட்லியை இரவு 2 மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறும், இறங்கவும் நேரம் பிடிக்கும். இரவில் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைவு. எல்லைக்கோட்டில் இருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. முழுச் சாப்பாட்டை 9 மணிக்குள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் பசித்தால் சுண்டலோ வேர்க்கடலையோ போதும். மூன்று மாத சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை இப்போதே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய மரம் (பிற்பகல் 1.40)

புற்றுநோய் வரும் என்றும் சொல்லிவிடுங்களேன் டாக்டர், அதை ஏன் விட்டுவைத்தீர்கள்?

மலை மருத்துவர் (பிற்பகல் 2.05)

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007இல் "2அ" வகையில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்பதற்கு ஓரளவு வலுவான காரணம் உள்ளவை அந்த வகை. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதை வைத்துத்தான் இந்த வகைப்பாடு, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. ஆகவே பீதி வேண்டாம். ஒன்றுமேயில்லை என்று கைவீசவும் வேண்டாம்.

கேத்தி லாரி (இரவு 8.20)

நான் காய்கறி லாரி. கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இரவில் மேட்டுப்பாளையம் இறங்குவேன். எனக்கு ஷிப்ட் என்று பெயர் கிடையாது, சரக்கு எப்போது கழுவி முடிகிறதோ அப்போது கிளம்ப வேண்டும். பகலில் கீழே சந்தைப் பக்கம் கேபினுக்குள் படுத்தால் வெக்கையில் வேகும். மலையில் போர்த்திக்கொண்டு தூங்கிப் பழகிய உடம்புக்கு அது தூக்கமே இல்லை.

டாக்டரிடம் ஒரு கேள்வி. டீ குடித்தால் சமாளிக்கலாமா? நான் பர்லியாரில் ஒன்று, கல்லாறு தாண்டி ஒன்று என்று குடித்து ஓட்டுகிறேன்.

மலை மருத்துவர் (இரவு 9.00)

டீ தூக்கத்தைத் தள்ளிப்போடும், தூக்கக் கடனைத் தீர்க்காது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமமாகக் குறைகின்றன என்று ஆஸ்திரேலியாவில் 1997இல் சோதித்துக் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. காலை 6 மணிக்கு எழுந்து பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவு 11 மணிக்கு மலை இறங்குகிறவர், ஒரு சொட்டும் குடிக்காமலே அந்த அளவைத் தாண்டியவரைப் போலத்தான் ஓட்டுகிறார். ஊதச் சொல்லும் கருவி அதைக் காட்டாது, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். எழுந்து ஐந்து பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுங்கள்.

லைன்வீட்டு மருமகள் (இரவு 10.30)

எல்லாரும் வேலைக்குப் போகிறவரின் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டிலிருப்பவர்கள் கதையும் கேளுங்கள். எங்களுடையது எஸ்டேட் லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது. ஒரு அறையும் சமையலறையும். அவர் முழு நைட் முடிந்து வந்து படுத்தால் நான் குக்கர் வைக்க மாட்டேன், விசில் வரும். சின்னவளை வெளியே அனுப்பினால் மழை, உள்ளே வைத்தால் சத்தம். பக்கத்து லைனில் சடங்கு, கல்யாணம் என்றால் ஒலிபெருக்கி காலை 5 மணிக்கே தொடங்கிவிடும். அவர் எழுந்து வந்து யார் மீது எரிந்து விழுவார் என்று நினைக்கிறீர்கள்? மூன்று மாதம் என்கிறீர்களே, அந்த மூன்று மாதமும் வீட்டில் எல்லாரும் கிசுகிசுத்துப் பேச வேண்டும். இதற்கும் படி தருவார்களா என்று டிரையர்காரன் அண்ணன் கேட்டுச் சொல்லட்டும்.

வெண்சீருடை (இரவு 10.50)

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. சில வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. தூக்கம் வரவில்லை என்று காலையிலேயே குவார்ட்டர் வாங்கி வந்துவிடுகிறார்கள். சாராயம் கண்ணை மூட வைக்கும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அதுவே எழுப்பிவிடும். பிறகு அது தனி வியாதியாகிவிடும்.

டிரையர்காரன் (அதிகாலை 3.20)

இடைவேளையில் எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கேள்வியை என் வீட்டில் படித்துக் காட்டினேன், சிரிக்கவில்லை.

இரவு வேலையே வேண்டாம் என்று இங்கே யாராவது சொல்வதற்கு முன் ஒரு விஷயம். தேயிலை நம் வசதிக்குக் காத்திருக்காது. பகலில் எடுத்த பச்சைத்தேயிலை மாலையில் வந்து சேரும். அதைத் தொட்டியில் பரப்பி 12 முதல் 16 மணி நேரம் காற்று விட்டு வாட்ட வேண்டும். வாடி முடித்ததை வெட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி எடுக்கும் வரை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கருகும் அல்லது புளித்துப் போகும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் 24 மணி நேரமும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

என் இடம் டிரையர் பக்கம். வெளியே நடுக்கும் குளிர், இங்கே கதகதப்பு. நாலு மணிக்கு உடம்பு தானாகச் சாய்கிறது. வெட்டும் உருளைப் பக்கம் நிற்பவனுக்கு ஈரக் குளிர் இருப்பதால் விழித்திருக்கிறான், ஆனால் அவன் கண்ணயர்ந்தால் போவது விரல். இரண்டில் எது மோசம் என்று நாங்களே விவாதிப்போம்.

குந்தாக் காற்று (காலை 5.50)

ஓர் யோசனை. வாரம் ஒன்று, மூன்று மாதம் என்ற இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் பகல், இரண்டு நாள் அரை நைட், இரண்டு நாள் முழு நைட், பிறகு ஓய்வு. நாங்கள் கடைசியில் இதற்குத்தான் மாறினோம். இரண்டே இரவு என்பதால் தாய்க் கடிகாரத்தைத் தொந்தரவு செய்வதே இல்லை, கடனும் பெரிதாகச் சேராது. வாரம் ஏழு இரவு என்றால் நாலாவது நாளிலிருந்து ஆள் நடைப்பிணம்.

மலை மருத்துவர் (காலை 8.30)

நான் சொல்ல வந்ததும் அதுதான். வாராந்தர மாற்றம் நடுவில் மாட்டிக்கொண்ட ஏற்பாடு. உடல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஏழு நாளில் முழுத் தூரமும் போய்ச் சேருமுன் மறுபடி இழுக்கப்படுகிறது. இரண்டு இரண்டாக மாறும்போதும் திசை முக்கியம்: பகல், பிறகு மாலை, பிறகு இரவு. நம் உடல் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது, முன்கூட்டியே தூங்குவது கடினம். சில இடங்களில் இரவு, மாலை, பகல் என்று தலைகீழாகப் போடுகிறார்கள், அது வீண் வதை.

சங்கத்து ஆள் (காலை 11.00)

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வாரம் 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் தந்த உரிமை இது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எல்லாச் சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கேட்டால் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு வார விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்றே சட்டம் கணக்கிடுகிறது. ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வந்தால் திங்கள் காலை 6 வரை. அதில் முதல் பாதி தூக்கத்திலேயே போய்விடும். காகிதத்தில் ஒரு நாள் லீவு, கையில் கிடைப்பது ஒரு மாலைப்பொழுது. எனவே முழு நைட்டுக்குப் பிறகு 48 மணி நேரம் ஓய்வு என்று எழுதி வாங்குங்கள். படி உயர்வைவிட அது பெரிது.

டிரையர்காரன் (பிற்பகல் 3.45)

இரண்டு இரண்டாக மாறும் ஏற்பாடு நல்லதுதான், ஆனால் இங்கே ஒரு சிக்கல். அரை நைட் 10 மணிக்கு முடியும். எங்கள் ஹட்டிக்கு (மலைக் கிராமம்) கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். தேயிலைக்காட்டு வழியில் நடந்துதான் போக வேண்டும். கரடி சுற்றுகிறது, காட்டெருமை பாதையிலேயே படுத்திருக்கிறது. முழு நைட்டில் அந்தத் தொல்லை இல்லை, 6 மணிக்கு வெளிச்சம் வரத் தொடங்கிவிடும். பாதிப் பேர் மூன்று மாத நைட்டுக்குத் தலையாட்டுவது படிக்காக அல்ல, கரடிக்காக.

கேத்தி லாரி (மாலை 4.00)

கூடலூர்க்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு யானை. ஷிப்ட் அட்டவணையை அங்கே யானைதான் போடுகிறது.

பழைய மரம் (மாலை 5.15)

அப்பாவிடம் கேட்டேன். வெண்சீருடை சொன்னது சரிதான், அவரோடு சேர்ந்தவர்களில் கடைசி வரை நைட்டில் நின்றவர்கள் சிலர்தானாம். அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குப் பின்னாலேயே லைன் வீடு இருந்ததால் நடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்றார். தூங்கும் அறை ஜன்னலுக்குச் சாக்கு தைத்துக் கட்டியிருந்தாராம் பாட்டி. இருந்தாலும் இன்றைய பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

வெண்சீருடை (மாலை 6.30)

பாட்டிக்கு வணக்கம். அந்தச் சாக்குதான் சரியான மருந்து. நான் கறுப்புத் துணி இரண்டு அடுக்கு தைத்திருக்கிறேன். டிரையர்காரன் அண்ணா, டிசம்பர், ஜனவரியில் இங்கே சூரியன் தலைகாட்டவே ஏறக்குறைய 6.40 ஆகிவிடும். அதற்குள் வீடு போய்ப் படுத்துவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும், நானே பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் அது நடக்காது, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடங்கள். கடைசி டீயை 2 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். தொழிற்சாலையிலேயே இருந்துகொண்டு எப்படி நிறுத்துவது என்று கேட்காதீர்கள், அது உங்கள் பாடு.

டிரையர்காரன் (அதிகாலை 3.05)

வெள்ளிக்கிழமை முடிந்தது. பெயர் கொடுக்கவில்லை. பதிமூன்று பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு இரண்டாக முன்னோக்கி மாறும் முறை, முழு நைட்டுக்குப் பின் 48 மணி நேர ஓய்வு, இரவு 10 மணிக்கு ஹட்டி வரை ஜீப். மூன்றாவதுதான் செலவு என்று அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். பச்சைத்தேயிலை ஏற்றி வரும் வண்டி அந்த நேரத்தில் சும்மாதானே நிற்கிறது என்று எங்கள் டிரைவரே எடுத்துச் சொன்னார். டீசல் கணக்குப் பார்த்துச் சொல்வதாகப் பதில். மூன்று பேர் மட்டும் மூன்று மாத நைட்டுக்கே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், குறை சொல்ல முடியவில்லை.

சங்கத்து ஆள் (காலை 7.20)

அந்த வண்டியில் ஆட்களை ஏற்றினால் காப்பீடு செல்லுமா என்று முதலில் பாருங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றி ஏதாவது நடந்தால் ஒரு பைசா வராது. ஜீப்புக்கே நில்லுங்கள். மனுவின் நகலில் தேதியிட்டு முத்திரை வாங்கினீர்களா?

டிரையர்காரன் (காலை 7.25)

தேதி இருக்கிறது, முத்திரை இல்லை. திங்கட்கிழமை வாங்கிவிடுகிறேன். இப்போது படுக்கப் போகிறேன், பதில் தாமதமாகும்.